அப்பா இல்லாத வருடத்தில் ஒன்பது பேருக்குச் சமையல்

1

இந்த ஊருக்கு வந்து எங்களுக்கு இது மூன்றாவது தீபாவளி. அன்று காலை ஏழரை மணிக்கு, தேங்காய்ப்பாலில் வேகவைக்கும் கோழி ரெண்டாங் பாதி வற்றிக்கொண்டிருந்தபோது, அடுப்பு அணைந்துபோனது. கேஸ் தீர்ந்துவிட்டது. பன்னிரண்டு மணிக்கு ஒன்பது விருந்தாளிகள் வருவதாக இருந்தது. அன்றைக்கு நடந்ததைச் மலேசியாவில், நம் சுங்கைப்பட்டாணியில் இருக்கும் ஊர்க்காரர்களான உங்களுக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அதை மட்டும் எழுதினால் புரியாது. கொஞ்சம் பின்னால் போய்த்தான் வர வேண்டும்.

முதலில் என் சமையலறை. ஒரகடம் சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெருவில் மூன்றாவது மாடி. அடுப்படியில் ஒருவர் நிற்கலாம். ஐஸ் பெட்டியைத் திறந்தால் அடுப்பை நெருங்க முடியாது. அடுப்பருகே நின்றால் ஐஸ் பெட்டியைத் திறக்க முடியாது. ஜன்னலுக்கு வெளியே நாலடி தள்ளி அடுத்த கட்டடத்தின் சுவர். அதில் ‘வீடு வாடகைக்கு விடப்படும்’ என்று நீலப் பெயிண்டில் எழுதியிருக்கிறார்கள். மூன்று வருடமாகச் சமைக்கும்போது நான் படிப்பது அதைத்தான்.

நம் தமான் குடியிருப்பு வீடுகளில் பின்பக்கக் கதவைத் திறந்தால் வெளி அடுப்பு இருக்கும். தீபாவளிக்கு முதல் நாள் அப்பா அங்கே முக்காலி போட்டு உட்கார்ந்து ஆட்டிறைச்சியைத் தானே துண்டு போடுவார். கடையில் வெட்டினால் எலும்பு நொறுங்கிவிடும் என்பார். மறுநாள் காலையிலிருந்து திறந்த இல்லம்தான், வாசல் கேட் மூடப்படாது. செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டியவர், தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரையும் கை தட்டிக் கூப்பிடுவார். சீனர், மலாய்க்காரர், அஞ்சல்காரர், யாராயிருந்தாலும் ஒரு தட்டு சோறு.

என் கணவர் பரம், வாகனங்களுக்கான மின்பாகங்கள் செய்யும் நிறுவனம் ஒன்றில் பொறியாளர். நம்மூர் தொழிற்சாலையிலிருந்து இங்கே அனுப்பப்பட்டவர். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

“தீபாவளிக்கு ஆபீஸ்ல இருந்து ஒன்பது பேரு வர்றாங்க செல்வி. எல்லாரும் குடும்பத்தை அங்க விட்டுட்டு வந்தவங்க. லிம் ரெண்டு வருஷமா கேட்டுகிட்டே இருக்காரு, உங்க வீட்டுல திறந்த இல்லம் எப்பன்னு.”

“இந்த வருஷமா?”

“உன் தம்பி வீட்டுலதான் வருஷம் முழுக்கப் பண்டிகை இல்ல. கட்டிக்கொடுத்த பொண்ணுக்கு மூணு நாள் தீட்டுதானே? உங்கம்மாவே சொன்னாங்க.”

அம்மா சொன்னது உண்மைதான். அப்பாவுக்குப் பதினாறாம் நாள் முடிந்ததும், “நீ அங்க விளக்கேத்தி நல்லபடியா இரு. உனக்குத் தடை இல்ல” என்றார். விளக்கேற்றச் சொன்னார். ஒன்பது பேருக்கு ரெண்டாங் கிண்டச் சொல்லவில்லை. ஆனால் அதை வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. பட்டியல் எழுத ஆரம்பித்தேன்.

2

அப்பா ஆகஸ்டில் இறந்தார். நான் போகவில்லை. இங்கே யாருக்கும் சொல்லவும் இல்லை.

இந்த ஊரில் என் தமிழ் அடிக்கடி என் காலை வாரிவிடும். வந்த முதல் வாரம் ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் ஒரு மின்சாதனக் கடைக்குப் போய், “ஐஸ் பெட்டி ஒண்ணு வேணும். இன்னிக்கே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பீங்களா?” என்று கேட்டேன். கடைக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்தி, “யாருங்க தவறிட்டாங்க?” என்றார். இங்கே ஐஸ் பெட்டி என்றால் உடலைக் கிடத்தும் பெட்டி. நாம் சொல்லும் ஐஸ் பெட்டி இங்கே ஃப்ரிட்ஜ். போனில் இதை அப்பாவிடம் சொன்னபோது இருமல் வரும்வரை சிரித்தார்.

பெயர் விஷயம் அவ்வளவு சிரிப்பாக முடியவில்லை. என் கடப்பிதழில், இங்கே பாஸ்போர்ட் என்பார்கள், முதலில் செல்வி என்றும், பிறகு இன்னாரின் மகள் என்பதற்கான நம்மூர் எழுத்துகளும், பிறகு முனியாண்டி என்ற அப்பாவின் பெயரும் இருக்கின்றன. எங்கள் வாடகை ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்தவர் கணவன், குழந்தையோடு நின்ற என்னைப் பார்த்தார். செல்வி என்பது மணமாகாத பெண்ணுக்குப் போடுவது, இதில் தவறாக இருக்கிறது என்று நினைத்து, நல்லெண்ணத்தோடு ‘திருமதி முனியாண்டி’ என்று திருத்திவிட்டார். நாங்கள் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டோம். இரண்டு வருடம் யார் கண்ணிலும் படவில்லை. மூன்றாம் வருடம் என் விசாவையும் மகள் ஷாமினியின் விசாவையும் நீட்டிக்க மனுப் போட்டபோது பதில் வந்தது: கடப்பிதழில் உள்ள பெயரும் ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் பொருந்தவில்லை, திருத்திய ஒப்பந்தம் தேவை.

அலுவலகத்தைக் குறை சொல்ல முடியாது. தப்பு எங்கள் காகிதத்தில். ஆனால் திருத்த வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும். கீழ்வீட்டில் இருக்கும் வசந்தா அக்காதான் எங்களுக்கு வீட்டுக்காரர் என்றாலும், கட்டடம் அவர் மகன் பெயரில் இருக்கிறது. மகன் துபாயில். காகிதத்தை அனுப்பினோம். முதல் தடவை தவறான இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினான். மறுபடி அனுப்பினோம். அது வரவேண்டிய வாரத்தில் தம்பி குணா போன் செய்தான்.

“அக்கா, அப்பா போயிட்டாரு. காலையில. தூக்கத்திலேயே.”

மறுநாள் பகல் பன்னிரண்டுக்கு எடுப்பதாகச் சொன்னான். பரம் உடனே விசா வேலையைப் பார்க்கும் முகவரைக் கூப்பிட்டார். பழைய விசா முடிந்து மனு நிலுவையில் இருக்கிறது, வெளியே போகத் தனியாக அனுமதி வாங்க வேண்டும், அதற்குச் சில நாள் ஆகும், போனால் இந்த மனு முடிந்துவிடும், திரும்பி வர அங்கிருந்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்றார் முகவர். பரம் போனைக் கையால் பொத்திக்கொண்டு, “நீ சொல்லு செல்வி. உன் இஷ்டம்” என்றார். சில நாள் ஆகும் என்றால் அதில் என் இஷ்டத்துக்கு என்ன இருக்கிறது?

அம்மாவும் என்னிடம் வர முடியாது. நம் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தோட்டத்தில் பிறந்து பிறப்புப் பத்திரம் இல்லாத எத்தனையோ பேரைப்போல அம்மாவுக்கும் சிவப்பு அடையாள அட்டைதான். அறுபத்தாறு வருடம் அங்கேயே வாழ்ந்தும் குடியுரிமை இல்லை, கடப்பிதழும் இல்லை. நான் இங்கிருந்து நகர முடியாது, அவர் அங்கிருந்து நகர முடியாது.

அப்பாவின் கடைசிச் சடங்கை அந்தச் சமையலறையில் நின்றுதான் பார்த்தேன். ஜன்னலோரத்தில்தான் சிக்னல் நன்றாக இருக்கும். குணாவின் மனைவி போனைப் பிடித்திருந்தாள். கூட்டத்தில் அவள் கை ஆடி, பாதி நேரம் யாருடைய முதுகோதான் தெரிந்தது. குக்கர் விசில் அடித்தது. அணைத்துவிட்டு மறுபடி பார்த்தபோது வண்டியில் ஏற்றிவிட்டிருந்தார்கள்.

3

ஷாமினிக்குப் பதினொரு வயது. எட்டு வயதில் வந்தாள். முதல் ஆறு மாதம் பள்ளியில் அவள் பேசுவதைக் கேட்டுச் சிரித்தார்களாம். அதற்கப்புறம் அவர்கள் சிரிக்காதபடி பேசக் கற்றுக்கொண்டாள். இப்போது வீட்டுக்குள் வரும்போதே, “இன்னாமா சாப்பாடு?” என்கிறாள். காலையில் ‘பசியாறியாச்சா’ என்று நான் கேட்டால், “டிபன்னு சொல்லும்மா, பிரண்ட்ஸ் வந்தா ஒரு மாதிரியா கீது” என்கிறாள். மலாய்ப் பள்ளியில் பாலர் வகுப்பு படித்தவள். இப்போது ஒன்றிலிருந்து பத்துவரை சொல்வதற்கே யோசிக்கிறாள்.

தாத்தா இறந்ததைச் சொன்னபோது சற்று நேரம் என் முகத்தையே பார்த்தாள். “நான் இன்னா பண்ணணும்மா?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் தப்பு ஒன்றுமில்லை. அவளுக்குத் தாத்தா என்றால் போனில் வரும் ஒரு முகம்.

4

தீபாவளிக் காலைக்கு வருகிறேன். நாலரை மணிக்கு எழுந்து ஷாமினிக்கு எண்ணெய் வைத்துக் குளிக்க வைத்தேன். முந்தின நாள் குன்றத்தூரில் வாங்கிய ஆட்டிறைச்சியைப் பிரட்டலாக்கி இறக்கிவிட்டேன். சட்டி வைக்க இடம் இல்லாமல் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அரிந்த வெங்காயம் துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல். ரெண்டாங் அடுப்பில். இன்னும் நெய்ச்சோறு, கத்தரிக்காய்ச் சம்பல், வடை. பரம் நாற்காலி கொண்டுவரக் கம்பெனி விருந்தினர் இல்லத்துக்குப் போயிருந்தார். அப்போதுதான் அடுப்பு அணைந்தது. எங்களுக்கு ஒரே சிலிண்டர்.

கீழே ஓடினேன். வசந்தா அக்கா வாசலில் கோலப்பொடியோடு நின்றிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். இந்தப் பக்கத்து விவசாயக் குடும்பம். நிலத்தைத் தொழிற்பேட்டைக்குக் கொடுத்துவிட்டு இந்தக் கட்டடத்தைக் கட்டியவர்கள். கணவர் இறந்து நாலு வருடம். தனியாக இருக்கிறார்.

“அக்கா, தோங் முடிஞ்சிருச்சி.”

“இன்னாமா தொங்குது?”

“இல்லக்கா, கேஸ். சிலிண்டர் காலி.”

“அத்த சொல்றதுக்கு ஏம்மா தொங்குது கிங்குதுன்னுகினு. எங்கிட்ட இன்னொண்ணு கீது. ஆனா மூணு மாடி தூக்கினு ஏற ஆளு இல்ல. நீ சட்டிய எடுத்துகினு கீழ வந்துரு. ரெண்டு அடுப்புல ஒண்ணு உனுக்கு.”

நானும் ஷாமினியும் நாலு தடவை ஏறி இறங்கினோம். அக்காவின் சமையலறை விசாலமாக இருந்தது. இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்றாலும் முழங்கை இடிக்கவில்லை. ரெண்டாங் மறுபடி வற்ற ஆரம்பித்தது. அக்கா எட்டிப் பார்த்து, “தேங்காய வறுத்தா போடறீங்க? நல்லா வாசனையா கீதே” என்றார். நெய்ச்சோறு ஆனது. சம்பல் ஆனது. கடைசியாக வடைக்கு எண்ணெய்ச் சட்டியை வைத்தேன்.

அக்கா தன் பக்கத்தில் அதிரசம் தட்டிக்கொண்டே கேட்டார். “ஒங்க அம்மா வூட்லயும் இந்நேரம் இதே வேலதான் நடக்கும், இல்ல?”

“இந்த வருஷம் அங்க இல்லக்கா.”

“ஏன்?”

எண்ணெயைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “அப்பா தவறிட்டாரு.”

“எப்போ?”

“ஆகஸ்ட்ல.”

அக்கா என் அடுப்பை அணைத்தார். மாவுக் கையோடு என் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாகக் கேட்டார். “எம் புள்ள கையெழுத்துக்குன்னு நீ தெனம் வந்து கேட்டுனு இருந்தியே. அப்பவா?”

“ஆமாக்கா.”

“அது வந்திருந்தா போயிருப்பியா?”

பொய் சொல்லியிருக்கலாம். “தெரியலக்கா. வந்திருந்தாலும் அன்னிக்கே எல்லாம் கிடைச்சிருக்காது. ஆனா ஒரு பத்து நாள் முன்னாடி வந்திருந்தா...”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா என்னக்கா செஞ்சிருப்பீங்க?”

“ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டேன். வந்து கூட குந்தினு இருந்திருப்பேன்.”

அவர் கையைக் கழுவிவிட்டு எனக்கும் அடுப்புக்கும் நடுவே வந்து நின்றார். “நவுரு. அப்பன் செத்த வருஷத்துல நீ எண்ண சட்டி வெக்கக் கூடாது. நாங்கதான் சுட்டு உனுக்குக் குடுக்கணும். அதான் இங்க மொற.”

“கட்டிக்கொடுத்த பொண்ணுக்கு மூணு நாள்தான்னு சொல்றாங்களேக்கா.”

“எவன் சொன்னது?”

“எங்க வீட்டுக்காரரு.”

“அவருக்கு மூணு நாளு. உனுக்குமா?” என்றார் அக்கா. “அப்படி போயி குந்து.”

சுவரோரமாக ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்தேன். மூன்று மாதத்தில் அடுப்பு எரியும்போது நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் வடைகளைத் தட்டிப் போட்டார். போட்டுக்கொண்டே சொன்னார்.

“எம் புள்ளயும் வரல, அவங்கப்பன் செத்தப்ப. லீவு குடுக்கலன்னான். வந்துருவான், வந்து கொள்ளி வெப்பான்னு ரெண்டு நாளு ஐஸ் பெட்டில வெச்சினு இருந்தோம். மூணாவது நாளு எங்க கொழுந்தன் வெச்சாரு.”

நான் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டேன். “உங்களுக்கு அவன் மேல கோவம் வந்துச்சாக்கா?”

“வந்துது. ஆறு மாசம் சரியா பேசல. அவன் போன் பண்ணுவான், நான் வேலயா கீறேன்னு வெச்சிருவேன். அப்பறம் ஒரு நாளு அவனே சொன்னான், ‘எம்மா, எல்லாரும் எங்கிட்ட ஏன் வரலன்னுதான் கேக்கறாங்க. எப்பிடி கீறன்னு யாரும் கேக்கல’ன்னு.” வடைகளைத் திருப்பினார். “அது வரைக்கும் நானும் கேக்கலதான்.”

என்னால் அழாமல் இருக்க முடியவில்லை. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. அது அவர் எனக்காகச் செய்தது என்று நினைக்கிறேன். ஷாமினி கதவருகில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் என் போன் இருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

5

பன்னிரண்டரைக்கு ஒன்பது பேரும் வந்துவிட்டார்கள். இரண்டு அறை வீட்டில் ஒன்பது ஆண்கள். சிலர் கட்டிலில், சிலர் தரையில். நான்கு பேர் இருங்காட்டுக்கோட்டையில் ஒரே வீட்டில் தங்கியிருப்பவர்கள். மூன்று வேளையும் கடைச் சாப்பாடு சாப்பிட்டு அலுத்தவர்கள். ரெண்டாங் தட்டில் விழுந்ததும் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். அதைப் பார்த்தபோது, இவர்களுக்குச் சமைத்தது தப்பில்லை என்று தோன்றியது. அவர்களும் எங்கோ மாட்டிக்கொண்டவர்கள்தானே.

நான் உட்காரவில்லை. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தேன். மூன்றாவது முறை சோறு கொண்டுவந்தபோது லிம் என்னை நிறுத்தினார். பரமின் மேலாளர். பினாங்குச் சீனர். அன்பானவர். என்னோடு எப்போதும் மலாயில்தான் பேசுவார். இரண்டாவது தட்டை ஏந்தியபடி, பரம் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டது எவ்வளவு நல்லதாகப் போயிற்று, இன்னும் இரண்டு தீபாவளிக்குத் தனக்கு இந்த ரெண்டாங் உறுதி என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர் பரமின் தோளைத் தட்டினார்.

பரம் சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ம்மா, அங்கிள் இன்னா சொன்னாரு?” என்று ஷாமினி கேட்டாள். அந்த அறையில் அது புரியாத ஒரே ஆள் அவள்தான்.

சோற்றுப் பாத்திரம் கையில் கனத்தது. “நாம இன்னும் ரெண்டு வருஷம் இங்கயேதான் இருக்கப் போறோமாம்” என்றேன்.

“நெஜமாவா?” அவள் முகம் அப்படியே மலர்ந்தது. அப்பாவிடம் ஓடிப்போய், “ஸ்கூல் மாத்த வேணாமாப்பா?” என்று கேட்டாள். பரம் என்னைப் பார்த்தார். நான் லிம்முக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டேன்.

6

ஐஸ் எடுக்கும் சாக்கில் பரம் பின்னாலேயே வந்தார். அடுப்படியில் ஒருவருக்குத்தான் இடம் என்று சொன்னேனே. அவர் வாசற்படியில் நின்றார். நான் ஜன்னல் பக்கம் நின்றேன். வெளியே போக வேறு வழி இல்லை.

“தீபாவளி முடியட்டும், சொல்லலாம்னு இருந்தேன்.”

“எப்ப கையெழுத்துப் போட்டீங்க?”

“செப்டம்பர்ல.”

“அப்பா போய் ஒரு மாசத்துல.”

“அதனாலதான் சொல்ல முடியல செல்வி. அந்த நேரத்துல உன்கிட்ட இதை எப்படிச் சொல்றது?”

“அம்மாகிட்ட ஜனவரியில வந்திருவோம்னு சொல்லியிருக்கேன். நீங்க பக்கத்துல இருக்கும்போதுதான் சொன்னேன்.”

அவர் கூடத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்தார். “அங்க எனக்கு இடம் இல்ல. லைனையே மூடிட்டாங்க. மெஷினை எல்லாம் இங்க கொண்டுவந்தாச்சி. மெஷினோட என்னையும் சேர்த்து அனுப்பினாங்க, அவ்வளவுதான். திரும்பிப் போனா வேலை இல்ல. நாப்பத்தி நாலு வயசுல யாரு எடுப்பா?”

அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். மூன்று வருடமாக நான் மட்டும்தான் இதற்குள் அடைபட்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவர் தினமும் காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போகிறவர், வெளியே இருப்பவர் என்று நினைத்திருந்தேன்.

“இதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“சொல்லியிருந்தா நீ இன்னிக்குச் சமைச்சிருக்க மாட்ட.”

“ஆமா. சமைச்சிருக்க மாட்டேன்.”

கூடத்திலிருந்து யாரோ தண்ணீர் கேட்டார்கள். அவர் நகர்ந்து வழிவிட்டார். நான் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நான்கு மணிக்கு எல்லாரும் போனார்கள். பரம் அத்தனை பாத்திரத்தையும் தேய்த்தார். நான் தடுக்கவில்லை. சாயங்காலம் வசந்தா அக்கா ஒரு தட்டில் அதிரசம் வைத்து மூடிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தார். “இது உனுக்கு மட்டும்” என்று என் கையில் கொடுத்தார். அன்று நான் சாப்பிட்டது அதுதான். பரம் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமலே புரிந்திருக்கலாம்.

7

மறுநாள் அம்மாவுக்குப் போன் செய்தேன். தீபாவளியன்று அம்மா இரண்டு முறை கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை. அவர் விளக்கு மட்டும் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கும் வீட்டுக்கு, என் வீட்டுச் சிரிப்புச் சத்தம் கேட்டுவிடும் என்ற பயம்.

“அம்மா, நேத்து எங்க வீட்டுக்கு ஆள் வந்தாங்க. சமைச்சேன்.”

“தெரியும். ஷாமினி படம் அனுப்பினா, ஒவ்வொரு சட்டியா.”

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“பிரட்டல்ல வெங்காயம் கூடிப்போச்சி” என்றார் அம்மா. “படத்துலயே தெரிஞ்சிச்சி. ரெண்டாங் நல்லா வந்திருக்கு. குணாகிட்டயும் காட்டினேன். அவன் பார்த்துட்டு வெளிய போயிட்டான். உங்கப்பா இருந்திருந்தா ராத்திரிக்கும் அதையே போடுன்னிருப்பாரு.”

“கோவமாம்மா?”

“எதுக்கு? சமைக்கத் தெரிஞ்ச பிள்ளை சமைச்சா.” பிறகு சொன்னார். “இன்னும் ரெண்டு வருஷமாமே. அதையும் பிள்ளைதான் ராத்திரி போன் பண்ணிச் சொன்னா. அவ்வளவு சந்தோஷமா சொன்னா செல்வி, என்னால அவகிட்ட ஒண்ணும் கேக்க முடியல. நல்லா படின்னு சொல்லிட்டேன்.”

“எனக்கும் நேத்துத்தாம்மா தெரியும்.”

“அப்படியா?” என்றார் அம்மா. பிறகு, “நீ எப்படி இருக்க அங்க?” என்று கேட்டார். மூன்று வருடத்தில் எத்தனையோ தடவை கேட்டதுதான். நன்றாக இருக்கிறேன் என்றுதான் எப்போதும் சொல்வேன். அன்று சமையலறை ஜன்னலோரம் நின்று, முதல் வாரத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அம்மா ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை.

மூன்று வாரம் கழித்து விசா நீட்டிப்பு வந்தது. மின்னஞ்சலைத் திறந்து பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். இனி போகலாம், வரலாம். ஷாமினி என்னோடு ஊருக்கு வரவில்லை. பரீட்சை இருக்கிறது என்றாள். பரீட்சை இல்லாவிட்டாலும் வந்திருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். பள்ளி விட்டதும் அவளைத் தன்னிடம் வைத்துக்கொள்வதாக வசந்தா அக்கா சொல்லியிருக்கிறார்.

பரமே டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தார். வியாழக்கிழமை கிளம்புகிறேன். போக மட்டும் எடுத்திருப்பார் என்று எப்படியோ நினைத்துக்கொண்டிருந்தேன். பிரித்துப் பார்த்தேன். போகவும் வரவும் இரண்டும் இருந்தது. நடுவில் பன்னிரண்டு நாள். மடித்துக் கடப்பிதழுக்குள் வைத்தேன்.

அம்மா தினமும் கேட்கிறார், எத்தனை நாள் இருப்பே என்று. வந்து பேசிக்கலாம்மா என்கிறேன்.